தறிக்குடோனில் பதிவான கேசட்

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. சோமனூரில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்குடோன். விசைத்தறிகள் ஓடும்போது தண்ணீர் கேட்பதென்றாலும் தொண்டை கிழியத்தான் கேட்க வேண்டும். அதுவும் எடுபடாவிட்டால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். கோயமுத்தூரில் கல்லூரிக்குப் போன புதிதில், பக்கத்தில் இருப்பவனிடம் நான் பேனா கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

அந்தத் தொண்டைக்காகத்தான் என்னை பேண்டில் சேர்த்தார்கள். நாங்கள் மூன்று பேர். கிதார் வாசித்தவன் என் வகுப்புத் தோழன். டிரம்ஸ் வாசித்தவன், ஞாயிறு காலையில் டவுனில் ஒரு சர்ச்சில் அடக்க ஒடுக்கமாக வாசித்துவிட்டு, மத்தியானம் எங்களோடு சேர்ந்து அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக அடித்துத் தீர்ப்பவன். பேஸ் கிதார் வாசிக்க ஆள் அமையவே இல்லை. ஹெவி மெட்டல் என்றால் ஏதோ பவுண்டரி வேலை என்று நினைத்த ஊர் அது. எந்த கம்பெனி எங்களுக்குக் கேசட் போடும்? நாங்களே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தோம். கேசட்டுக்கு வைத்த பெயரை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆறு பாட்டு. ஐந்து ஆங்கிலம், அவற்றில் நான் போட்டது வெறும் கத்தல். ஒன்று மட்டும் தமிழ். அது அம்மாவுக்காக.

"டவுன்ல போயி என்ன கண்ணு பாடுற? எனக்கு ஒருக்கா பாடிக் காட்டு" என்று அம்மா அடிக்கடி கேட்பாள். எனக்குக் கூச்சம், நழுவிவிடுவேன். தலையெல்லாம் பஞ்சு படிந்து, இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்று அறுந்த நூலை முடிச்சுப் போடும் அவளைப் பற்றி நானே எழுதிய பாட்டு அது. அதை அவள் கேசட்டில் கேட்க வேண்டும். மற்ற இருவருக்கும் புகழ் வேண்டியிருந்தது, எனக்கு இது போதும். காதோடு சொல்வதுபோல மெல்லப் பாட வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். அம்மாவைப் பற்றிப் போய் யாராவது கத்துவார்களா?

ஸ்டுடியோவுக்கெல்லாம் வழியில்லை. ஆயுத பூஜைக்குத் தறி நிற்கும், குடோன் முழுக்கக் காடாத் துணி அடுக்கியிருக்கும், எதிரொலி வராது என்று கணக்குப் போட்டோம். டிரம்ஸ் பஸ்ஸின் கூரை மேல் ஏறி சூலூர் தாண்டி வந்து இறங்கியது. அப்பா ஒரு முறை பார்த்துவிட்டு, "நாளைக்கு மத்தியானம் தறி ஓட்டோணும், அதுக்குள்ள என்னமோ பண்ணிக்கோங்க" என்று போய்விட்டார்.

அம்மா தறிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், எங்கள் சாமான்களையும் விடவில்லை. கிதாருக்கு ஒரு பொட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பொட்டு, பதிவு செய்ய இரவல் வாங்கிவந்த டேப் டெக்குக்கு ஒரு பொட்டு. டிரம்ஸ் பக்கம் வந்ததும் சற்றுத் தயங்கினாள். சர்ச்சுக்காரன் சிரித்துக்கொண்டே, "நம்மளுதுக்கும் வெய்யிங்கம்மா" என்றான். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சூடம் காட்டினாள். உடனே கிதார்க்காரன் கிதாரை எடுக்கப் போக, அம்மா போட்ட சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது.

"அட, பூசைக்கு வெச்ச சாமானத் தொடப்படாதுங்க தம்பி! நாளைக்குக் காத்தால எடுத்துக்கலாம்!"

அவ்வளவுதான். பதிவு செய்ய வந்தவர்கள் அன்று முழுக்கப் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு, பொட்டு வைத்த டிரம்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை நாள் வேலை அரை நாளாகச் சுருங்கியது. விஜயதசமி காலையில் பூஜை பிரித்த கையோடு ஆரம்பித்து, தலைதெறிக்க ஒவ்வொரு பாட்டாக முடித்தோம்.

தமிழ்ப் பாட்டு பாடும்போது அம்மா வந்து எனக்கு நேர் எதிரில் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள். கண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு படிந்த தலை என்ற வரி வந்ததும் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லா இருக்குது கண்ணு" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டவுனில் ஒரு ரெக்கார்டிங் கடையில் கேசட்டுகளைப் பிரதி எடுத்தோம். அட்டை ஜெராக்ஸ். முதல் கேசட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தறி நிறுத்திய சாயங்காலம். வீட்டு டேப்ரிக்கார்டரில் அவளுடைய பாட்டாகத் தேடிப் போட்டேன். அம்மா முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். பாட்டு ஆரம்பித்துப் பாதி தாண்டியது. அவள் இன்னும் காத்துக்கொண்டே இருந்தாள்.

"கரண்டு இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.

சத்தத்தை முழுசாக வைத்தேன். அம்மா டேப்ரிக்கார்டர் பக்கம் குனிந்து, ஒரு காதைக் கொடுத்துப் பார்த்தாள், மறு காதைக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், எனக்கு மனசு நோகக் கூடாதென்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று குடோனில் அவள் பாட்டைக் கேட்கவே இல்லை, என் வாயைப் படித்திருக்கிறாள். தறிச் சத்தம் அவள் காதை எப்போதோ கொண்டுபோயிருந்தது. எல்லோரும் கத்திப் பேசுகிற வீட்டில் அது யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. டேப்ரிக்கார்டருக்கு ஏது வாய்?

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தலாம் என்று கையை நீட்டுவதற்குள் பாட்டு முடிந்து கடைசிப் பாட்டு வந்துவிட்டது. டிரம்ஸ் இடி மாதிரி இறங்க, அதற்கு மேல் என் கத்தல். அம்மா தூக்கிவாரிப் போட்டதுபோல நிமிர்ந்தாள்.

"கண்ணு! நீதான்! இது உன்ற குரலு!"

ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரிந்திருக்காது. எழுதிய எனக்கே பாதிதான் புரியும். ஆனால் முகம் முழுக்க வெளிச்சமாகக் கடைசி வரை கேட்டாள். "சோத்துக்குக் கூப்புடற மாதிரியே இருக்குது. இன்னொருக்கா போடு" என்றாள். மறுபடியும் போட்டேன். அதுவும் முடிந்தபின் கேட்டாள்: "முன்னால சத்தமில்லாம ஓடுச்சே, அதுதான் என்ற பாட்டா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அது ராகம் எப்படி இருக்கும் கண்ணு?"

டேப்ரிக்கார்டரை நிறுத்தினேன். அவள் எதிரில் உட்கார்ந்து, தறிகளுக்கு மேல் கேட்பதுபோல, அடிவயிற்றிலிருந்து அந்தப் பாட்டைக் கத்திப் பாடினேன். வாசலில் யாரோ, "ஏனுங்க, பையனுக்கு என்னாச்சுங்க?" என்று அப்பாவைக் கேட்பது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. அம்மா வழக்கம்போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு படிந்த தலை என்ற வரி வந்தபோது, அவள் என் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் இன்னும் சத்தமாகப் பாடினேன்.