ஓவர் சொல்லத் தெரியாத சனாவுல்லா பாய்

சனாவுல்லா பாய்க்கு மைக் என்றால் உயிர். அவர் மனைவி ரம்ஜான் பீயைக் கேட்டால், உயிருக்கும் ஒரு படி மேலே என்பார். முப்பது வருடம் பெரிய காஞ்சிபுரத்தில் மைக் செட் வைத்திருந்த மனிதர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், சந்தனக்கூடு, உற்சவம் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். இரண்டு பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் போதும், மைக்கைப் பிடித்து, தொலைந்துபோன சைக்கிள் சாவியில் ஆரம்பித்துத் தண்ணீர்ச் சிக்கனத்தில் கொண்டுபோய் முடிப்பார். அதற்குள் தாலி கட்டியே முடிந்திருக்கும்.

நான் ஜோதிகா. பாய் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷின் ஓடும் சத்தத்தையும் மீறி அவர் பேச்சைக் கேட்டே காலம் தள்ளியவள் என்பதால், அவரைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

தொழில் இப்போது மகன் ரெஹான் கையில். பெரிய பெரிய பாக்ஸ், கலர் லைட் என்று நன்றாகவே ஓடுகிறது. ரெஹான் செய்த முதல் சீர்திருத்தம், அப்பா கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியது. பையனைக் குறை சொல்ல முடியாது. சங்கீதாவின் நிச்சயதார்த்தம் அப்படி நடந்திருந்தது.

சங்கீதாவின் அப்பா திருஞானசம்பந்தம் எங்கள் தெருத் தறிக்காரர். பாயும் அவரும் மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. மகள் நிச்சயதார்த்தத்துக்கு வேறு யார் செட் போடுவது? மண்டபத்தில் இரண்டு, தெருமுனையில் இரண்டு என்று நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினார் பாய். சம்பந்தம் ஓய்வாக ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்து, மாப்பிள்ளையின் அம்மா காமாட்சியம்மாளைப் பற்றிச் சிநேகிதன் காதில் ரகசியமாகச் சொன்னார்:

"பையன் தங்கம்டா சனா. ஆனா அந்தம்மா வாய் இருக்குதே, அதுக்குத் தனியா ஒரு மண்டபம் புடிக்கணும்."

அடுத்து என்ன பேசலாம் என்ற யோசனையில் பாய் மைக்கை அணைக்க மறந்திருந்தார். ரகசியம் நாலு குழாயிலும் போனது. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

கல்யாணம் நிற்கவில்லை. காமாட்சியம்மாள் பாயசம்வரை நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, "மண்டபம் எப்ப புடிக்கறீங்க சம்மந்தி?" என்று கேட்டதோடு சரி. நின்றது சம்பந்தத்துக்கும் பாய்க்கும் இருந்த பேச்சுதான். அதற்கு ஏழு வருடம் ஆகிறது. நடுவில் சம்பந்தத்துக்கு முட்டிவலி வந்து தறிக்குழியில் கால் மடக்க முடியாமல் போக, சங்கீதா அவரைப் பக்கத்திலிருக்கும் ஓரிக்கைக்குத் தன் வீட்டோடு கூட்டிப் போய்விட்டாள். அதே வீட்டில்தான் அந்த வாயும் இருக்கிறது. கடவுளுக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று நான் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

பாய் மன்னிப்புக் கேட்கப் போகாமல் இல்லை. மூன்று தடவை ஓரிக்கைக்குப் போனார். மூன்று தடவையும் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சின் கோளாறு, அன்றைய வோல்டேஜ், சுவிட்ச் விற்றவனின் யோக்கியதை என்று பேசிக்கொண்டே போனாரே தவிர, மன்னிப்பு என்ற ஊருக்குப் போய்ச் சேரவே இல்லை. சம்பந்தம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். போனிலும் ப்ளாக் பண்ணிவிட்டார்.

"அவன் வாயால ஒரு தபா என்னத் திட்டட்டும் ஜோதிமா, போதும். இப்டி கம்முனு இருந்தா நான் இன்னா பண்றது?" என்று ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து கண் கலங்கினார். அவர் பேசி நான் வருத்தப்பட்டது அன்றுதான்.

அடுத்த வாரம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து இரண்டு பழைய சிபி ரேடியோ செட்டுகளோடு வந்து இறங்கினார். லாரிக்காரர்களும் மீன்பிடிப் படகுக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சாதனமாம். பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். முகமெல்லாம் பல்லாக, "இதுல ப்ளாக்கே கெடையாது ஜோதிமா!" என்றார்.

ஆட்டோ பேட்டரி வந்தது. மொட்டை மாடியில் ஒன்பதடி அலுமினியக் குழாயை ஆன்டெனாவாக நட்டோம். பிடித்துக்கொண்டு நின்றது நான், பேசிக்கொண்டு நின்றது அவர். பிறகு ஒரு மீட்டரை மாட்டினார். அனுப்புகிற அலை வெளியே போகாமல் செட்டுக்கே திரும்பி வந்தால் முள் சிவப்புக்குப் போகுமாம். போனது. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து முள்ளை இறக்க வேண்டும். பாய் பேச்சு சுவாரசியத்தில் ஒரேயடியாக அறுத்துவிட, புதுக் குழாய் வாங்க வேண்டியதாயிற்று.

"இந்த மீட்டர எங்க நிக்கா அன்னிக்கு மாட்டியிருந்தா அப்பவே சிவப்பு காட்டியிருக்கும்" என்றார் ரம்ஜான் பீ.

பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் ஓவர் என்றால் அளவுக்கு மீறி ஆடுவது. பாய் ஒரு செட்டைச் சமையலறையில் வைத்து, மாடியிலிருந்து ஒத்திகை பார்த்தார். "ரம்ஜான், டீ போட்டியா? ஓவர்."

"மூணாவது டீ கேக்கறது நீங்க. நான் ஓவரா?" என்று பதில் வந்தது. ரேடியோ தேவைப்படவில்லை. மாடிப்படி வழியாகவே கேட்டது.

இதற்குள் யாரோ புண்ணியவான் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். தெருக்கோடியில் செல்போன் கோபுரம் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சனாவுல்லா என்று பெயருள்ளவர் மாடியில் ஒரு கம்பி ஏறினால் மட்டும் ஊருக்கு உறக்கம் போய்விடுகிறது. புகார் கொடுத்தது யாரென்று தெரிந்திருந்தால் அந்த ஆளின் ஆதார் கார்டைத் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம்.

வந்தவர் கதிர்வேல் என்ற ஏட்டு. மரியாதையாகத்தான் கேட்டார். பாய் அவரை உட்காரவைத்து, மின்சாரம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார். இந்த அலைவரிசையில் ஐந்து வாட்டுக்குள் பேசினால் லைசென்ஸ் தேவையில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஏட்டு எழுந்து நின்றுவிட்டார். வாசலில் என்னைப் பார்த்து, "இவரு எப்பமா நிறுத்துவாரு?" என்றார்.

"அதத்தான் சார் ஓரிக்கையில ஒருத்தரு கேட்டுக்கினு இருக்காரு" என்றேன்.

இரண்டாவது செட்டை நானே ஓரிக்கைக்குக் கொண்டு போனேன். சங்கீதாவுக்கு இந்தச் சண்டை எப்போது முடியும் என்று இருந்தது. அவள் கணவன் சிவராஜ் மாடியேறி ஆன்டெனாக் குழாயைக் கட்டினான். சம்பந்தம் செட்டைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அவன் குரல் இதுலயும் வருமா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த காமாட்சியம்மாள் மட்டும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அமுக்கினா பேசணும், வுட்டா கேக்கணும், கடைசியில ஓவர் சொல்லணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதாம்மா."

தினமும் சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் பாய் செட்டின் முன்னால் உட்காருவார். "ஹலோ சம்மந்தம்!" என்று பட்டனை அமுக்குவார். அமுக்கியது அமுக்கியதுதான். ஒரு வழியாகக் கையை எடுத்தால் மறுபக்கம் வெறும் இரைச்சல். ஒருநாள் சங்கீதாவே எனக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, அப்பா செட்டு கிட்ட வந்து உக்காந்தாரு. பதில் சொல்ல வாயக்கூட தொறந்தாரு. பாய் நிறுத்தினாத்தானே? எழுந்து பூட்டாரு."

அன்று நானும் ரம்ஜான் பீயும் பாயை வாங்கு வாங்கென்று வாங்கினோம். போதாததற்கு, ஒரு மத்தியானம் அலை எப்படியோ தாவிக் குதித்து, இந்தோனேசியாவிலிருந்து ஒருவன் குரல் தெளிவாக வந்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தோனேசியாக்காரன் பேசறான். ஓரிக்கைக்காரன் பேசமாட்டேங்கறான் பாரு!"

அந்த ஞாயிற்றுக்கிழமை மரஸ்கேலை எடுத்துக்கொண்டு நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சை நீட்டினால் கட்டைவிரலில் போடுவதாக ஒப்பந்தம். பாய் கூப்பிட்டார், கையை எடுத்தார். இரைச்சல் சட்டென்று நின்றது. மறுபக்கம் யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். ஒரு பெருமூச்சு கேட்டது, பிறகு மறுபடியும் இரைச்சல்.

பாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"சம்மந்தம்! நீதானேடா? கேளுடா. அன்னிக்கு அந்தம்மா வாயப் பத்தி நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. ஊருக்கே தெரிஞ்ச வாய்டா அது! தப்பு சுவிட்சு மேலதான், அந்த சுவிட்ச வித்தவன்..."

ஸ்கேலால் ஒன்று போட்டேன். "ஓவர்!" என்று அலறிக் கையை எடுத்தார்.

நிதானமான குரல் ஒன்று வந்தது.

"நான்தான் அந்த வாய் பேசறேன். ஓவர்."

ரம்ஜான் பீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பாய் மைக்கை என் பக்கம் நீட்டினார். நான் அதை வாங்குவதற்குள் காமாட்சியம்மாளே தொடர்ந்தார்.

"ஏன் பாய், டிவியில எவனாச்சும் மைக் புடிச்சா, எங்க சனா செட்டுன்னா இப்டி இரையாதுங்கறாரு. உங்களத் திட்டறேன்னு சொல்லி நாள்பூரா உங்க பேரத்தான் ஜெபிச்சிக்கினு இருக்காரு. எங்க காது போச்சு. அன்னிக்கு அவரு சொன்னத நான் எப்பவோ மறந்துட்டேன்." கொஞ்சம் யோசனை. "மறக்கலபா, மன்னிச்சிட்டேன். இந்தாங்க, பக்கத்துலதான் நிக்கறாரு. ஓவர்."

முதல் நாளே எத்தனை சுத்தமாகப் பேசி, எத்தனை சுத்தமாகக் கையை எடுத்தார் அந்தம்மா! பிறகு யாரோ தொண்டையைச் செருமும் சத்தம்.

"நீ எப்பவுமே ஓவர்தான்டா சனா. ஓவர்."

ஏழு வருடம் கழித்துக் கேட்ட குரல். பாயின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மைக்கை வாயருகில் கொண்டுபோனார். இனி சுவிட்சு, வோல்டேஜ் எல்லாம் வரப்போகிறது என்று நான் ஸ்கேலை ஓங்கினேன்.

"தப்பு என்னுதுதான்டா. வரட்டுமா? ஓவர்" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை எடுத்தார்.

எடுத்த விரலை மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஓங்கிய ஸ்கேலைக் கீழே வைத்தேன். இரைச்சல் நின்றது.

"வா. மைக்க மட்டும் எடுத்துக்கினு வராத. ஓவர்."