போட்டியாளருடன் மதியச் சாப்பாடு

மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என் எதிரே கவிதா உட்கார்ந்திருக்கிறாள். இங்குள்ள வங்கி ஒன்றின் மென்பொருளைப் பல வருடமாய்ப் பராமரித்தவள். விலை குறைவென்று அந்த வேலை எங்கள் சென்னை கம்பெனிக்கு வந்துவிட்டது. அவளிடம் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

சோற்றைப் பிசையும்போது அவள் போன் அடிக்கிறது. கிள்ளான் கிளையில் சிஸ்டம் நின்றுவிட்டதாம். இடக்கையில் போனைப் பிடித்தபடி ஒருவரிடம் மலாய் மொழியில் விசாரிக்கிறாள், இன்னொருவரை ஹொக்கியன் சீனத்தில் அதட்டுகிறாள். சிஸ்டம் ஓடத் தொடங்குகிறது.

"இதையும் குறிச்சுக்கிட்டீங்களா அண்ணே?"

"இது எங்களுக்கு வராதும்மா."

"தெரியும் லா. அதான் நானும் என் டீமும் சொந்தமா கம்பெனி திறந்துட்டோம். அடுத்த டெண்டர்ல நீங்க இன்னும் குறைச்சுப் போடுங்க. நாங்க ஒரு வெள்ளி காசுகூட குறைக்க மாட்டோம்."