படிக்க முடியாத பல்லாண்டு

பெரம்பலூரில் என் பட்டறை. வெள்ளிக் காசு அடிக்கும் அச்சு வெட்டுவது தொழில். அச்சில் எழுத்து இடவலம் மாறி இருந்தால்தான் காசில் நேராக விழும்.

முதலில் உளியால் வெட்டினோம். பிறகு பேண்டோகிராப் வந்தது. தாம்பாளம் அளவு வரைந்த எழுத்தை ஒரு முனை தடவிப்போக, மறுமுனை அதையே குண்டுமணி அளவில் எஃகில் செதுக்கும். அந்தக் காலத்து நாணயச் சாலைகளில் ராஜாவின் மூக்கைச் சுருக்கியதும் இதன் தாத்தாதான். வரையும்போதே நான் திருப்பி வரைந்துவிடுவேன். இப்போது கம்ப்யூட்டர் மெஷின். திருப்பிப் போட அதில் ஒரு பொத்தானே இருக்கிறது.

அரியலூர் நகைக்கடைக்காரர் வீட்டில் மறுநாள் கல்யாணம். வருகிறவர்களுக்குக் கொடுக்க 'பல்லாண்டு வாழ்க' என்று காசு அடிக்க வேண்டும். அச்சை வெட்டி, பதம் ஏற்றி, கிரீஸ் தடவிச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோதுதான் உறைத்தது: பழக்கதோஷத்தில் திருப்பி வரைந்தேன், பொத்தானையும் அமுக்கினேன். திருப்பியதைத் திருப்பினால் நேர். காசில் எழுத்து இடவலம் மாறிக் கூத்தாகிவிடும். வேறு அச்சு வெட்ட நேரமில்லை.

பிரித்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி பட்டறையில். தெரிந்தது முதல் எழுத்து மட்டும். 'ப'. இடவலம் எத்தனை தரம் திருப்பினாலும் 'ப'வாகவே இருக்கும் பாவி எழுத்து. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

கண்டக்டரிடம் நீட்டினேன். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு படிங்களேன்."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஒண்ணும் வெளங்கல சார். மலையாளமா?"

"நெசமா படிக்க முடியலையா?"

"சத்தியமா முடியலங்க."

கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"படிக்கத் தெரியலன்னதுக்குக் கை குடுக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன். சில்லறை இல்லன்னா அத மொதல்லயே சொல்லிருங்க."

கம்ப்யூட்டரில் எதையும் படபடவென்று இரண்டு தட்டு தட்டுகிறவன் நான். அந்தப் பொத்தானையும் இரண்டு தரம் தட்டியிருக்கிறேன். முதல் தட்டு கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிட்டது. அவசரப்படாதே என்று வீட்டில் தினமும் திட்டு, அவசரம்தான் காப்பாற்றியது. இதை வீட்டில் சொல்லவில்லை.

அரியலூரில் முதல் காசு விழுந்தது. நகைக்கடைக்காரர் எடுத்து வாய்விட்டுப் படித்தார்: "பல்லாண்டு வாழ்க." பிறகு என்னைப் பார்த்தார். "என்னங்க, இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

"வெயிலுங்க," என்றேன்.

"வானம் மோடம் போட்டுல்ல கெடக்கு?"

"பெரம்பலூர்ல அடிச்சுதுங்க."