ரோடு கேட்கப் போனவள்

நான் பிரதேச சபை உறுப்பினராவேன் என்று அம்மாவிடம் யாராவது அப்போது சொல்லியிருந்தால், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்திருப்பார். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்களத்தில் பேரம் பேசுவார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியே அந்த மொழி என் நாக்கில் ஏறியது.

அது தெரிந்ததும் தோட்டத்தில் எனக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், அடையாள அட்டைக்கு அலைகிறவர்கள் எல்லாரும், "புள்ள, கூட வந்து ரெண்டு வார்த்த பேசிக் குடு" என்று கூப்பிடுவார்கள். லீவு நாளெல்லாம் அதிலேயே போகும். அலுப்பாக இருக்கும், மறுக்கவும் மனம் வராது.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி கண்டது. வரச் சொன்ன முச்சக்கர வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ரோட்டை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. அக்காவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். வண்டியை எட்டுவதற்குள் வலி முற்றிவிட்டது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெண்கள் சேலையால் மறைப்புப் பிடிக்க, குழந்தை பிறந்தது. முதலில் அதைக் கையில் வாங்கியது நான்தான். தாயும் பிள்ளையும் நலமாகத் தப்பினார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

பெண்கள் கொஞ்சப் பேரைக் கூட்டிக்கொண்டு பிரதேச சபைக்குப் போனேன். அது தோட்டத்து ரோடு, சபைக்குச் சொந்தமில்லை என்றார்கள். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால், ரோடு போட வசதியில்லை என்றார்கள். திரும்பத் திரும்பப் போனோம். சபை வாசல் காவலாளிக்கே எங்கள் முகம் பழகிவிட்டது.

அதற்கிடையில் தேர்தல் வந்தது. கட்சி அமைப்பாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பொம்பளைங்க பேரும் கட்டாயம் போடணுமாம். நீங்க பேர மட்டும் குடுங்க தங்கச்சி, மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

"பேரு மட்டுந்தான் வேணும்னா வேற ஆளப் பாருங்கண்ணே. நான் வந்தா வாயத் தொறந்து பேசுவேன்."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். "சரி, பேசுங்க" என்றார்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "நமக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நான் வாக்குக் கேட்டு லயம் லயமாகப் போன அன்று, எனக்கு முன்னால் நடந்தவர் அவர்தான். கடை முதலாளி முஸ்லிம் பெரியவர். லீவு கேட்டபோது, "போய்ட்டு வாங்க மகள். தோத்தாலும் கட இங்கதான் ஈக்கிது" என்றார்.

வென்றேன்.

முதல் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் தமிழில் ஆரம்பித்ததும் யாரோ சிரித்தார்கள். "தங்கச்சி, உங்களுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியுமே?" என்று கூட்டத்தை நடத்திய தவிசாளர் சிங்களத்தில் கேட்டார்.

"தெரியும் ஐயா. பின்னால் இருக்கிற எங்கள் பெண்களுக்கு முதலில் விளங்கட்டும். பிறகு உங்களுக்கும் சொல்கிறேன்" என்று நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

அக்காவைக் கதிரையில் தூக்கி வந்ததையும் குழந்தை பிறந்ததையும் இரண்டு மொழியிலும் சொன்னேன். சபைச் செயலாளர், அது தோட்டத்து ரோடு என்ற பழைய பதிலையே எடுத்தார். அப்போது எதிர்வரிசையிலிருந்து ஒரு சிங்கள உறுப்பினர் எழுந்தார். எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமத்தவர். அதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எங்கள் ஊர் மிளகும் கராம்பும் அந்த ரோட்டில்தான் சந்தைக்குப் போகிறது. இந்தத் தங்கச்சி கேட்பது எங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

அதன் பிறகு யாரும் எதிர்க்கவில்லை. சபையே ரோடு போடும் பிரேரணை நிறைவேறியது. தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வாங்க அவரும் நானும் சேர்ந்தே அலைந்தோம். அது கிடைக்கவே மாதங்கள் ஓடின. கடைசியில் கொங்கிரீட் விழுந்தது, எங்கள் லயம் வரைக்கும். அதற்கு மேல் இன்னும் மண் ரோடுதான்.

கொங்கிரீட் காய்ந்ததும், முழங்கால் வலிக்கு மருந்தெடுக்க அம்மா வாசலிலேயே முச்சக்கர வண்டி ஏறினார். அந்த நேரம் பார்த்து மேல் லயத்துப் பெண்ணொருத்தி சத்தம் போட்டாள்.

"மெம்பரே, எங்களுக்கு எப்ப?"

நான் வாய் திறப்பதற்குள் வண்டிக்குள்ளிருந்து அம்மா பதில் சொன்னார். "கேப்பா, கேப்பா. நீங்களும் கூடப் போயி கேளுங்க."

அடுத்த கூட்டத்துக்கு மேல் லயத்துப் பெண்களும் என்னோடு வருகிறார்கள்.