வெர்லின் வீட்டுத் தண்ணீரில் பயறு வேகாது

வெர்லின் ஸ்ட்ரவுட் மிளகாய் வறுக்கும்போது வீட்டில் யாரும் அடுப்படிப் பக்கம் போகமாட்டார்கள். நெடிக்குப் பயந்து இல்லை, அவர் வாய்க்குப் பயந்து. தடித்த கறுப்பு மிளகாயைக் கிள்ளி, விதையை உதறி, இரும்புச் சட்டியில் போட்டு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். ஒரு மூச்சு கூடிவிட்டால் சில்லி என்கிற அந்த மாட்டுக்கறிக் குழம்பு முழுக்கக் கசந்துபோகும். அந்த நேரத்தில் பாதிரியாரே வந்து கூப்பிட்டாலும் கையைத்தான் காட்டுவார்.

அந்தச் சனிக்கிழமை மட்டும் அவர் மனைவி நெல்டா துணிந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"புள்ள வந்ததும் சொல்லிடுங்க."

"எதை?"

"எதைன்னு என்கிட்ட கேக்குறீங்களா? விடிஞ்சும் விடியாம டவுன்ல இருந்து தண்ணி ஏத்திட்டு வர்றது நானா?"

வெர்லின் மிளகாயைத் திருப்பிப் போட்டார். "சக்கர வீட்டை இங்க கொண்டாந்து போட்டு அவங்க ஒரு மாசம் இருக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

"இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுனீங்க. ஒரு புள்ளைகிட்ட பொய் சொன்னதில்ல. சொந்தப் புள்ளைன்னா மட்டும் சொல்லலாமோ?"

அவர் மிளகாயை எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டார். அதுவும் டவுன் தண்ணீர்தான்.

அந்த வீட்டுக் கிணறு வெர்லினுடைய அப்பா போட்டது. ஏழு வருஷம் மழை இல்லாமல் அக்கம்பக்கத்து ஜனம் எல்லாம் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, அந்த மனிதர் மட்டும் நூற்றுத்தொண்ணூறு அடி இறங்கித் தண்ணீரைப் பார்த்தார். நல்ல தண்ணீர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுண்ணாம்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படை படியும். புதிதாக வந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பயறை மட்டும் காலையில் ஏற்றிப் பொழுது சாய இறக்கினாலும் சரளைக்கல் மாதிரி தட்டில் உருளும். சில்லியில் பயறு போடக்கூடாது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். ஸ்ட்ரவுட் வீட்டில் ஒரே நியாயம்தான்: வேகாது.

அந்தத் தண்ணீரில்தான் வெர்லின் வளர்ந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டுப் பருத்தியில் இறங்கினார். பருத்தி கைவிட்டதும் மாடு வாங்கினார், பஸ் ஓட்டினார், ஒரே மகள் மார்லாவை வளர்த்தார். இப்போது எழுபத்தொன்று. நாற்பது மாடு எட்டு மாடாகிவிட்டது. மூன்று வருஷமாக மழை இல்லை. ஆகஸ்ட் கடைசியில் மோட்டாரைப் போட்டால் அரைமணி நேரம் மணலும் தண்ணீருமாகக் கக்கும், பிறகு காற்றைத்தான் இழுக்கும். கிணறு தோண்டுகிறவர் வந்து கயிறு விட்டுப் பார்த்தார். இன்னும் நானூறு அடி போனாலும் உப்புதான் வரும் என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதே வாரத்தில்தான் லப்பக் நகரத்தில் மார்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஹேட்டி. வெர்லின் போய்ப் பார்த்தார். அந்தப் பிஞ்சு அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு மணி நேரம் கை மரத்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மார்லாவைக் குளிப்பாட்டிய பீங்கான் பூசிய பழைய இரும்புத் தொட்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் துருவைச் சுரண்டினார்.

மாப்பிள்ளை ப்ரெண்ட்டுக்கு டில்லர்ட் டவுன் மின்சார ஆபீசில் வேலை கிடைக்கும்போல இருந்தது; கிடைத்தால் சக்கர வீட்டை வெர்லின் நிலத்திலேயே கொண்டுவந்து போடுவதாகப் பேச்சு. போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "கிணறு எப்படி இருக்கு மாமா?"

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நோகிற முதுகோடு டவுனுக்குப் பதின்மூன்று மைல் போய்ப் பிக்கப் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து மேல்தொட்டியை நிரப்பிவைப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

பத்து மணிக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். வெர்லின் மகளைக்கூடப் பார்க்கவில்லை, குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"அப்பா, நானும் வந்திருக்கேன்."

"தெரியுதும்மா, தெரியுது. அடி என் தங்கமே, தாத்தனைப் பாரு. மூக்கைப் பாருங்கடி, அப்படியே ஸ்ட்ரவுட் மூக்கு!"

"பாவம் புள்ள" என்றாள் நெல்டா.

ப்ரெண்ட் கிழக்கத்திக்காரன், சில்லியில் பயறு போட்டே சாப்பிட்டு வளர்ந்தவன். ஒவ்வொரு தடவையும் போல ஒரு பை புள்ளிப் பயறு கொண்டுவந்திருந்தான். "இன்னைக்குத் தனிச் சட்டியில வேக வைக்கிறேன் மாமா. உங்க சில்லியைத் தொடமாட்டேன்."

வெர்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வை மாப்ளே, வை. பின்னாடி அடுப்பு சும்மாதான் கிடக்கு. கிறிஸ்மஸுக்குள்ள வெந்துடும். மீதியை வாசல்ல கொட்டு, வண்டி புதையாம இருக்கும்."

"போன தடவையே பல்லு ஆடிப்போச்சு இவருக்கு" என்றாள் மார்லா.

"பல்லு மட்டுமா? மூணு நாளு பாத்ரூமை விட்டு வெளிய வரலையே" என்றாள் நெல்டா.

ப்ரெண்ட் குழாயைத் திறந்து பயறுச் சட்டியை நிரப்பினான். வெர்லின் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்ததே அவர்தான். ஆனாலும் அறுபது வருஷம் ஊறிய நம்பிக்கை. அந்த வீட்டில் பயறு வேகாது, சூரியன் மேற்கே உதிக்காது. அதற்குமேல் அவருக்கு யோசனை ஓடவில்லை.

பேத்தியை நெல்டாவிடம் கொடுத்துவிட்டுச் சில்லிக்குத் திரும்பினார். மாட்டுக் கொழுப்பை உருக்கி, சொந்த மாட்டின் தோள்கறியை, நகமளவு நகமளவாகக் கத்தியால் நறுக்கியதை, போட்டுச் சிவக்கவிட்டார். பூண்டு, சீரகம், அரைத்த மிளகாய் விழுது. மூடி போட்டு மூன்று மணி நேரம். கடைசியில் கைப்பிடி சோள மாவு. தக்காளி அந்த வீட்டுச் சட்டியைப் பார்த்ததே கிடையாது.

நடுவில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் வீடு போடும் இடத்தைக் காட்டினார். கயிறு கட்டி மூலைக்கு மூலை முளை அடித்துவைத்திருந்தார். "வாசல் கிழக்கே பாத்து இருக்கட்டும். புள்ளைக்குக் காலை வெயில் படும்." ப்ரெண்ட் தலையாட்டினான். அவனுக்குப் பிடித்துப்போயிற்று, முகத்திலேயே தெரிந்தது.

ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ப்ரெண்ட் பின்னாடி அடுப்புச் சட்டியைத் திறந்தான். கரண்டியை விட்டான். கத்தினான்.

"மாமா! வெந்துடுச்சு! வெண்ணெய் மாதிரி இருக்கு! இப்ப என்ன சொல்றீங்க? ஆளு வேணும் மாமா, பயறு வேகவைக்க ஆளு வேணும்!"

யாரும் சிரிக்கவில்லை. அவன் மறுபடி சொன்னான். "நிஜமாத்தான். வந்து பாருங்க."

மார்லா எழுந்து போனாள். ஒரு பயறை எடுத்து விரலிடுக்கில் வைத்து அழுத்தினாள். நசுங்கியது. குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தாள், சுண்ணாம்பு ருசியே இல்லை. குழாயை மூடினாள்.

"எப்பலேர்ந்துப்பா?"

வெர்லின் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆகஸ்ட்."

"எங்கேர்ந்து கொண்டாரீங்க?"

"டவுன்லேர்ந்து. அது ஒண்ணும் பெரிய வேலை இல்லம்மா. இன்னொரு நடை போனா உங்களுக்கும்..."

"இந்த முதுகை வச்சுக்கிட்டா?"

"நீங்க வந்துட்டா மழை வரும். உங்க தாத்தன் காலத்துலயும் இப்படித்தான்..."

"தாத்தா தண்ணியைக் கண்டுபிடிச்சாருப்பா. நீங்க தண்ணியை ஒளிச்சு வச்சிருக்கீங்க." குரல் உடைந்துபோயிற்று. "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நான் எப்படிப்பா வருவேன்?"

ப்ரெண்ட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். "மாமா, நான் சும்மா விளையாட்டுக்குத்தான்..."

"உன்மேல ஒண்ணும் இல்ல மாப்ளே. சாப்பிடு. ஆறிடும்."

சாப்பிட்டார்கள். சில்லி நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் சுண்ணாம்புத் தண்ணீரின் அந்த அடிக்கசப்பு இல்லை. மார்லா பாதிக் கிண்ணத்தோடு எழுந்துகொண்டாள்.

மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்கள். வெர்லின் சில்லியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். காருக்குள் குனிந்து பேத்தியிடம் சுண்டுவிரலை நீட்டினார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், பிடிக்கவில்லை.

"தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு நீங்க லப்பக்குக்கு வாங்கப்பா" என்றாள் மார்லா. இங்கே வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தூசி அடங்கியதும் போய் நாலு முளையையும் பிடுங்கினார். கயிற்றைச் சுற்றினார். உள்ளே வந்தபோது நெல்டா அந்தப் பயறுச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இதை என்ன பண்ண?"

"கோழிக்குப் போடு."

"மாட்டையும் தள்ளிவிட்டுட்டு நாமளும் டவுனுக்கே போயிடலாமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நெல்டா, பேத்திக்கென்று அவர் துரு சுரண்டிவைத்த பீங்கான் தொட்டியைக் கொண்டுவந்து குழாய்க்கு அடியில் வைத்தாள். அந்தச் சொட்டையும் விரயம் பண்ணமுடியாது.