ஜெசிந்தாவுக்குப் பின்னால் பாடிய அக்கா

நான் ஒரு மடையன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். இன்று காலை மகளுடைய போனில், பாட்டுப் பதிகிற ஆப்பில் எதையோ தொட்டுத் தொலைத்தேன். நான் இருமிய இருமல் பெரிய கோயிலுக்குள் இருமியதுபோல் முழங்கியது. ஒரு விரல் பட்டதற்கு ஒரு கோயில்! சிரித்ததில் மறுபடி இருமல், மறுபடி கோயில்.

இந்த முழக்கத்துக்கு அந்தக் காலத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே! தக்கலையில் பழக்கடைக்கு மேலே எங்கள் ஸ்டுடியோ. இப்போதும் ஏத்தன்பழ வாசம் வந்தால் என் கை தானாக ஹெட்போனைத் தேடும். முதலாளி அண்ணாச்சி துபாயிலிருந்து கொண்டுவந்த ஒலிப்பதிவுப் பெட்டிதான் அங்கே சாமி. அதில் எல்லாம் உண்டு. முழக்கம் மட்டும் காலி டிரம்முக்குள் தலையை விட்டுப் பாடியதுபோல் வரும். நான் சும்மா இருப்பேனா? கம்ப்யூட்டரில் ரிவெர்ப் பிளக்-இன் என்கிற முழக்க மென்பொருளை ஏற்றி, பெட்டியிலிருந்து ஒரு வயரில் குரலை அங்கே அனுப்பி, முழக்கம் ஏற்றி, இன்னொரு வயரில் பெட்டிக்கே திருப்பினேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனப்பொட்டும் வைத்தேன்.

முதலில் பாட வந்தவள் ஜெசிந்தா, கடற்கரை ஊர்க்காரி. அவர்கள் கோயில் கொடியேற்றுக்கான பாட்டு. மத்தியானத்துக்குள் சரியாக வரவில்லையென்றால் நாகர்கோவிலில் வேறு ஆளைப் பார்ப்போம் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

துள்ளி ஓடவேண்டிய பாட்டு. ஹெட்போனில் மேளம் ஓடியது, இவள் இரண்டாம் வரியில் நடந்தாள், மூன்றாம் வரியில் உட்கார்ந்தே விட்டாள்.

"தாளம் விடுதே, மக்கா," என்றேன், பெரிய வித்வான்போல.

"ஏலே, முழக்கம் போதாது. கூட்டு," என்றார் அண்ணாச்சி. கூட்டினேன். பாட்டு படுத்தேவிட்டது.

ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, பின்னால பாடுத அக்கா யாரு? அவிய வந்து சேரட்டும்னுதான் நான் நின்னு நின்னு பாடுதேன்."

அவர்கள் கோயில் பாடல் குழுவில் பின்தங்கியவரை விட்டுவிட்டு யாரும் முன்னால் போகமாட்டார்களாம்.

ஹெட்போனை மாட்டி "ஹலோ" என்றேன். சற்றுப் பொறுத்து இன்னொரு நான் "ஹலோ" என்றான். கம்ப்யூட்டர் நிதானமான ஆசாமி. எதையும் கொஞ்சம் தாமதித்தே திருப்பித் தரும். முழக்கத்தை மட்டும் திருப்பியிருக்க வேண்டும். நான் அவள் குரலையும் சேர்த்தே திருப்பியிருந்தேன். தன் குரலுக்கே வழிவிட்டுக் காத்திருந்திருக்கிறாள், பாவம்!

பிளக்-இன்னில் ஒரு குமிழை 'முழக்கம் மட்டும்' என்ற மூலைக்குத் தள்ளினேன். அக்கா காணாமல் போனாள். அடுத்த தடவை ஜெசிந்தா ஓடிய ஓட்டத்தில் மேளம்தான் மூச்சு வாங்கியது; அண்ணாச்சி தொடையில் தாளம் போட்டு, சாயாவை மடியில் கவிழ்த்துக்கொண்டார். சாயங்காலம் ஊரே ஏறுகிற கொடியை அண்ணாந்து பார்த்தது. நான் மட்டும் குழாய் ஸ்பீக்கரை.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. பெட்டி போன இடம் தெரியவில்லை. அந்தத் தாமதமும் போயிற்று. இருமி முடித்ததும் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். "இப்பம் எல்லாம் சட்டுன்னு வந்திரும் மக்கா, பின்னால யாரும் வரமாட்டாவ. ஒரு பாட்டு பாடுதியா?"

"அப்பம் அந்த அக்காவுக்கு வேலை போச்சா?"