வைரத்தின் மேல் நட்சத்திரம்

ஐம்பத்துமூன்று வயதில், சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது, நான் மகாலட்சுமியிடமிருந்து இருபது பைசா திருடினேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன் நான். செல்லாத நாணயத்தை ஒருவன் ஏன் திருடுவான் என்பதற்கு அந்தப் பாடத்தில் விளக்கம் கிடையாது. ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனைவி ஒத்தக்கடைக்குக் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, பூசையறைப் பித்தளைக் கிண்ணத்திலிருந்து அந்தக் காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய நாணயம் பார்க்கும் பித்து எனக்குப் பிடித்துப் பன்னிரண்டு வருடமாகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ஆறேழு பேர் கூடுவோம். கடைக்காரர்தான் எங்களுக்குத் தலைவர், நீதிபதி எல்லாம். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன். பழைய காசு வாங்குவதும் விற்பதும் அவருக்குப் பாத்திர வியாபாரத்தின் ஓரமாக நடக்கும். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொள்ள ஒரு கண்டுபிடிப்பு உண்டு. ஒருவரிடம், அச்சு விலகி விழுந்ததால் சிங்கம் பாதி வெளியே போய்விட்ட நாணயம் இருக்கிறது. இன்னொருவரிடம், ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் அதே உருவம் குழிவாகவும் விழுந்த ஒன்று. கூட்டத்தில் என் பங்கு வடை. கீழே முக்குக் கடையில் வாங்கி, சட்னி சிந்தாமல் மாடிக்குக் கொண்டுவருவேன். அதில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

எங்கள் தேடலை எளிதாகச் சொல்லிவிடலாம். நம் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே, குண்டூசித் தலையளவுக்கு ஓர் அடையாளம் இருக்கும். வைரக்கட்டம் இருந்தால் பம்பாயில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. தன்னை எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு அதற்கு. அடிக்கிற இரும்பு அச்சில் விரிசல் விட்டால், அது காசில் மெல்லிய மேடாக எழும். காசில் பின்னால் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். மேடு அபூர்வம். பள்ளம் கண்டக்டர் பையில் கிடந்த கதை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே அண்ணன் வகுத்த விதி ஒன்று உண்டு: காசைக் கழுவக் கூடாது. கழுவினால் காசின் மேல்தோல் போய்விடும், மதிப்பும் கூடவே போய்விடும். இந்த விதியை நான் மதம் மாறியவனின் வேகத்தோடு கடைப்பிடித்து வந்தேன்.

இனி மனைவியின் காசுகள். அறுபதுகளின் கடைசியில் தாமரை போட்ட இருபது பைசா ஒன்று வந்தது, மஞ்சள் உலோகத்தில். தாமரையில் உட்கார்ந்திருப்பவள் லட்சுமி, காசும் அவள் சமாசாரம் என்பதால், கடையில் செல்லாமல் போன அந்தக் காசு பூசையறையில் செல்லுபடியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் நூற்றெட்டு நாமம் சொல்லி, நாமத்துக்கு ஒரு காசாகத் தட்டில் இடுவாள். முடிந்ததும் குழைத்த மஞ்சளைத் தொட்டுத் தெளிப்பாள். நூற்றெட்டையும் ஏதோ பூசைச் சாமான் கடையில் வாங்கியிருப்பாள் என்று நினைத்தேனே தவிர, கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி பிறக்கும் சமயம் அவள் கேட்டாள்.

“காசெல்லாம் கருத்துக் கெடக்கு. புளியப் போட்டு வெளக்கிரட்டுமாங்க?”

“வெளக்குனா அதோட வரலாறே போயிரும்.”

“வரலாற வச்சு நான் என்னங்க செய்ய? பூசைக்கு வைக்கிறது.”

நான் விடவில்லை. உலோகம், காற்று, காலம் என்று நின்ற இடத்திலேயே ஒரு வகுப்பு எடுத்தேன். அடுப்பில் பால் பொங்கியது. “சரி, கழுவல. ஆள விடுங்க” என்று போய்விட்டாள். பேரையூர்ப் பக்கத்துப் பெண் அவள், சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு அந்தக் காசுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கல்லூரி விடுமுறையில் வேலை இல்லாமல், கிண்ணத்துக் காசுகளை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். வைரம், நட்சத்திரம், வெறுமை என்று வந்துகொண்டிருந்தவற்றில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைச் சுற்றி வைரம். இரண்டும் ஒரே இடத்தில். போதாததற்குத் தாமரைத் தண்டிலிருந்து விளிம்புவரை மயிரிழை போல ஒரு மேடு. பம்பாய்க்கு வெட்டிய அச்சை ஹைதராபாத்துக்கு அனுப்பி, அங்கே அதன் மேலேயே நட்சத்திரம் வெட்டியிருக்கிறார்கள். அழுத்தம் தாங்காமல் அச்சு விரிசல் விட்டிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முழு வரலாற்றையும் எழுதி முடித்துவிட்டேன். எந்தப் பட்டியலிலும் இல்லாத வகை. பன்னிரண்டு வருட வடைக்குப் பிறகு எனக்கென்று ஒரு கண்டுபிடிப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே நாமங்கள் காசுச் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தன. கடைசி நாமத்துக்குச் சத்தம் வரவில்லை.

“ஏங்க, காசு ஒண்ணு கொறயுது.”

“நல்லாப் பாத்தியா? பாய்க்கு அடியில பாரு.”

பாயைத் தூக்கிப் பார்த்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு காசு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செவ்வந்தியை வைத்துப் பூசையை முடித்தாள். பேப்பரில் ஒரே வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெயர் வாங்கிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கண்டுபிடித்தவனின் மனைவி என்ற பெருமையில் மன்னித்துவிடுவாள் என்று ஒரு கணக்கு.

ஞாயிறன்று இரண்டு பஸ் மாறிப் போனேன். அன்றைக்கும் வடை வாங்கினேன், ஆனால் படியேறும்போது அதை இடது கையில் பிடித்திருந்தேன். முக்கியமான கை சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பாதிச் சிங்கத்துக்காரர் முதலில் பார்த்தார். லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

“மாப்ள, வைரத்து மேல நட்சத்திரம்டா இது.”

“ஆமா மாப்ள” என்றேன், அடக்கமாக. அந்த அடக்கத்தை பஸ்ஸிலேயே பழகி வைத்திருந்தேன்.

காசு கைமாறிச் சுற்றி வந்தது. இந்த வகைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சு தொடங்கிவிட்டது. கடைசியாக அண்ணன் கைக்குப் போனது. அவர் லென்ஸில் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“எங்க எடுத்த?”

“வீட்ல கெடந்துச்சுண்ணே.”

“பூசைக் காசா?”

நான் தலையாட்டினேன். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

“ஒரு டம்ளர் தண்ணி குடுங்கப்பா.”

“அண்ணே, கழுவக் கூடாதுண்ணே.”

“அந்த விதியச் சொன்னது யாரு?”

“நீங்கதாண்ணே.”

“அப்ப பேசாம உக்காரு.”

காசு டம்ளருக்குள் போனது. கொஞ்ச நேரம் எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு பல்குச்சியால் ஆண்டுக்குக் கீழே மெதுவாக வருடினார். ஒரு மஞ்சள் இழை கிளம்பித் தண்ணீரில் கரைந்தது. வைரம் போயிற்று. தண்டில் ஒரு வருடல், விரிசலும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரு நட்சத்திரம். ஹைதராபாத்தில் மூட்டை மூட்டையாக அடித்ததில் ஒன்று.

“ரெண்டு வருச மஞ்சளாவது இருக்கும்” என்றார் அண்ணன். “வீட்ல கழுவுறதே இல்லையா?”

விதியை அவரிடமிருந்து வாங்கி வீட்டில் அமல்படுத்தியவன் நான்தான் என்பதை அந்தக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“மாப்ள, பேர் வைக்கலாம்னு சொன்னமே” என்றார் பாதிச் சிங்கம். “மஞ்சக்காப்பு வகைன்னு வச்சிரலாமா?”

சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். வடை அன்றைக்கு வழக்கத்தைவிட மொறுமொறுப்பாக இருந்தது. ஒன்று அதிகமாகவே தின்றேன். திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் காசை எடுத்துப் பார்த்தேன். கழுவிய இடத்தில் தாமரை பளிச்சென்று இருந்தது. அந்தக் காசு இவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. அடையாளத்தைப் பார்க்கும் அவசரத்தில் பூவைப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் காசை அவள் கையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கிண்ணத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு உருண்டை புளியையும் வைத்தாள்.

பின்கட்டுக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து விளக்கினேன். வேப்பமரத்து நிழல், கையெல்லாம் புளி, ஒவ்வொன்றாக வெளியே வரும் தாமரை. சத்தியமாக நல்ல சாயங்காலம் அது. மடியில் லென்ஸ் இருந்தது. கழுவின ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்துத்தான் துணியில் வைத்தேன். மஞ்சளுக்கு அடியில் நிஜமாகவே ஏதாவது ஒளிந்திருக்கலாம் இல்லையா. இதை அவளிடமும் சொன்னேன்.

துணியில் காய்ந்த காசுகளை எண்ணிக்கொண்டே சொன்னாள். “இந்த நூத்தியெட்டையும் வாங்குனதே ஒங்க பாத்திரக்கட அண்ணன்கிட்டதான. ஒவ்வொண்ணையும் லென்ஸ வச்சுப் பாத்துட்டுத்தான் எண்ணிக் குடுத்தாரு. இதுல அம்புட்டு விசேசமா ஒண்ணு இருந்திருந்தா, அவரு ஒங்களுக்குன்னு விட்டு வச்சிருப்பாருன்னா நெனைக்கிறீக?”